நின்ற இடமும் நகர்ந்த இடமும்: குவார்ட்டர்பேக்கின் முறையில் தளேகாவ் 1779

எதிராளி எங்கே நிற்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியும். எங்கே போவான் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இச்சோதனையை ஓர் ஒழுங்காகவே பயில்கிறார். அந்த ஒழுங்கை அளவுகோலாக வைத்து, 1779 ஜனவரியில் புனே அருகே தளேகாவில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு நேர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. தகவல் போதிய அளவு கிடைத்தும், அதைச் சோதித்து முடிவெடுக்கும் ஒழுங்கு இல்லாமல்தான் அப்படை தோற்றது என்பது இதன் வாதம்.

தற்காப்பு அணியின் பதினொருவரையும் குவார்ட்டர்பேக் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க இயலாது. பந்து கைக்கு வந்தபின் அவருக்கு வாய்ப்பது ஏறத்தாழ மூன்று விநாடி. ஆகவே அதற்கு முன்பே பின்வரிசைக் காவலர்களான சேஃப்டிகளைக் கவனிக்கிறார்: ஆழத்தில் நிற்பவர் ஒருவரா, இருவரா? பிறகு பந்தைப் பிடிக்கும் தம் ரிசீவர் ஒருவரைப் பக்கவாட்டில் ஓடவிடுகிறார். எதிரணியில் ஒருவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். எவரும் தொடராவிட்டால் இடக்காவல். சடுகுடுவில் பாடிப் போகிறவர் காலை நீட்டி, சங்கிலி எந்தப் பக்கம் நெளிகிறது என்று பார்ப்பதும் இதே சோதனைதான்.

தற்காப்பும் வேடம் கட்டும். 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் டிக் லெபோ வளர்த்தெடுத்த ஸோன் பிளிட்ஸ் உத்தியில், பாய்வார் என்று தோன்றும் முன்வரிசை வீரர் பின்வாங்கிப் பந்தின் பாதையை மறிப்பார். நினையாத இடத்திலிருந்து வேறொருவர் பாய்வார். அதனால் பந்து வந்தபின் முதல் கணிப்பை மீண்டும் சோதித்தாக வேண்டும். குறித்துவைத்த காவலர் முன்னே வந்தால் பந்து அவருக்குப் பின்னே. பின்னே போனால் முன்னே. முதல் ரிசீவருக்கு வழியில்லையேல் இரண்டாமவர், அடுத்து அருகில் நிற்பவர், அதுவும் இல்லையேல் பந்தை எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவது. கடைசி வழியும் முன்பே தீர்மானமாகியிருக்கும்.

இனித் தளேகாவ். பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய ரகுநாதராவைப் புனேயில் ஆட்சியில் அமர்த்த 1778 நவம்பரில் பம்பாயிலிருந்து ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட படை புறப்பட்டது. மராத்திய சர்தார்கள் அவருடன் சேர்வார்கள் என்பது அடிப்படைக் கணிப்பு. மலையேறிய பின்னும் பெயர் சொல்லத்தக்க சர்தார் எவரும் வரவில்லை. குறித்துவைத்த காவலர் நகர்ந்துவிட்டார். முதல் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் திட்டம் மாறவில்லை. ஆயிரக்கணக்கான பொதிமாடுகளுடன் நகர்ந்த படை ஜனவரி 9-இல் தளேகாவை அடைந்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது, தீவனமும் எரிக்கப்பட்டிருந்தது. எதிர்த்து நின்ற மராத்தியத் தலைவர் மகாத்ஜி சிந்தே தரப்பின் பின்வாங்கல், படையை உள்ளே இழுப்பதற்கான வேடம். முடிவெடுக்க வேண்டிய மூவர் குழுவில் மோஸ்டின் நோயுற்று விலகினார், எகர்ட்டனும் நோயால் படைத்தலைமையைக் காக்பர்னிடம் விட்டார், எஞ்சியவர் கார்னாக். ஜனவரி 11 இரவு, கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் படை திரும்பியது. அருகிலுள்ள வட்காவில் அது சுற்றி வளைக்கப்பட்டது.

மூன்று விநாடி ஆட்டத்தையும் பல வாரப் படையெடுப்பையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அந்த வேறுபாடே வாதத்துக்குத் துணை. குவார்ட்டர்பேக்குக்கு இல்லாத அவகாசம் கம்பெனிப் படைக்கு இருந்தது. எந்த அறிகுறி தென்பட்டால் திட்டத்தைக் கைவிடுவது என்ற முன்தீர்மானம்தான் இல்லை. பீரங்கியைக் குளத்தில் தள்ளியதும் ஒருவகையில் பந்தை வெளியே எறிவதுதான். ஆனால் காவலர்கள் மேலே விழுந்தபின் எறிந்தார்கள்.

1773-க்குப் பின் பெற்ற சால்செட் முதலிய பகுதிகளைத் திருப்பித் தருவதாக வட்காவில் கம்பெனித் தரப்பு ஒப்புக்கொண்டது. அவ்வுடன்படிக்கையைக் கம்பெனியின் மேலிடம் பின்னர் நிராகரித்தது. மராத்தியருடனான போர் 1782 வரை நீண்டது.