‘குரலைக் குறை’ என்ற கட்டளை பிறந்த கதை

1989 தொடக்கத்தில் அமெரிக்க செல்போன் தொழில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அடுத்து வரும் டிஜிட்டல் போன்கள் டி.டி.எம்.ஏ. முறையில் இயங்கும், நேரத்தைக் கூறு போட்டு ஆளுக்கொரு கூறு கொடுக்கப்படும். நான்கு வயது நிரம்பாத குவால்காம் நிறுவனம் சான் டியேகோவிலிருந்து குறுக்கே வந்தது. கூறு போடவே வேண்டாம், எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசட்டும், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு குறியீடு கொடுத்து டவரில் பிரித்துக்கொள்வோம் என்றார்கள் அதன் நிறுவனர்கள் இர்வின் ஜேக்கப்ஸும் ஆண்ட்ரூ விட்டர்பியும். சி.டி.எம்.ஏ. என்று நாம் அறிந்தது இதுதான்.

நடக்காது என்றவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. டவரிலிருந்து 100 மீட்டரில் ஒருவர், 3 கிலோமீட்டரில் இன்னொருவர் என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்கள் நிறைந்த ஊரில் சிக்னலின் வலு, தூரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் சரிகிறது. தூரம் 30 மடங்கு என்றால் வலு 8 லட்சம் மடங்குக்கு மேல் சரியும். குறியீட்டைக் கொண்டு பிரிப்பதில் கிடைக்கும் ஆதாயமோ சுமார் 128 மடங்குதான். பக்கத்து போன் ஒன்றே தூரத்து போன்களையெல்லாம் அமுக்கிவிடும். எல்லா போன்களின் சிக்னலும் டவருக்குச் சம வலுவில் வந்து சேர்ந்தாலொழிய சி.டி.எம்.ஏ.வுக்கு வாழ்வில்லை.

முதல் விடை எளிது. டவரின் சிக்னல் பலமாகக் கேட்டால் போன் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளட்டும், மங்கலாகக் கேட்டால் கூட்டிக்கொள்ளட்டும். ஆனால் போன் கேட்பது ஓர் அலைவரிசையில், பேசுவது 45 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில். அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு அலைவரிசைக்கும் வேறுவேறு. 850 மெகாஹெர்ட்ஸில் போனை ஒரு சாண் நகர்த்தினாலே போதும், சிக்னல் பள்ளத்தில் விழுந்துவிடலாம். ஓடும் காரில் இந்தப் பள்ளங்கள் நொடிக்குப் பலமுறை வரும். இங்கே போனின் ஊகம் உதவாது. அதன் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்தது என்பது டவருக்குத்தான் தெரியும். ஆகவே டவர்தான் சொல்ல வேண்டும்.

குவால்காமின் கிளைன் கில்ஹவுசன், ராபர்ட்டோ படோவானி, சார்லஸ் வீட்லி மூவரும் 1989 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதற்குத்தான். பின்னர் தரமாக நிலைபெற்ற வடிவத்தில், டவர் ஒவ்வொரு போனையும் தனித்தனியே அளந்து, நொடிக்கு 800 முறை ‘கூட்டு’ அல்லது ‘குறை’ என்றது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு டெசிபெல், அவ்வளவே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்தக் கட்டளைக்கு இடம் பிடித்த விதம். டவரிலிருந்து போனுக்குப் போகும் பேச்சின் பிட்டுகளில் சிலவற்றை அழித்து, அந்த இடத்தில் கட்டளையை எழுதினார்கள். பேச்சுக்கு உண்டான பிழைதிருத்தப் பாதுகாப்பு கட்டளைக்குக் கிடையாது. பாதுகாப்போடு அனுப்பினால் பிரித்துப் படிக்க 20 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்குள் கார் அடுத்த பள்ளத்துக்குப் போயிருக்கும். ஒரு கட்டளை பிழையாகப் போனாலும் 1.25 மில்லிநொடியில் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். துல்லியத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிய இந்தத் துணிச்சல்தான் முறையைக் காப்பாற்றியது என்பேன்.

அதே 1989 நவம்பரில் சான் டியேகோ தெருக்களில் வேனில் கருவிகளை ஏற்றி ஓட்டி, தொழில்துறையினருக்குச் செய்து காட்டினார்கள். 1993-இல் ஐ.எஸ்.-95 என்ற தரம் வந்தது. 1995-இல் ஹாங்காங்கிலும் 1996-இல் தென் கொரியாவிலும் சேவை தொடங்கியது. நம் ஊரில் ரிலையன்ஸின் சி.டி.எம்.ஏ. போன் வைத்திருந்தவர்களின் கையிலும் இதே கட்டளைதான் ஓடிக்கொண்டிருந்தது. தேவைக்கு மேல் சக்தியில் சிக்னல் அனுப்பாததால் பேட்டரியும் மிச்சமானது.

3ஜி-யின் பரவலான வடிவத்தில் இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறையானது. 4ஜி-யில் ஒரே டவரின் போன்களுக்கு அலைவரிசையைப் பங்கிட்டுக் கொடுப்பதால் ஒன்றையொன்று அமுக்கிவிடும் என்ற பதற்றம் தணிந்தது. கட்டளை இன்றும் போகிறது, அவ்வளவு அடிக்கடி இல்லை.