ரூட் கேனால் செய்த பிறகும் பல் வலியா? மெடிக்கலில் கேட்டு மாத்திரை போடாதீங்க

"நரம்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் ஏன் வலிக்குது?" ரூட் கேனால் செய்து கொண்டவர்கள் மறுநாளே பல் டாக்டரிடம் கேட்கும் கேள்வி இது.

பல்லுக்குள் இருக்கும் நரம்பைத்தான் எடுக்கிறார்கள். வேர் நுனியை சுற்றியுள்ள சதைக்கு உணர்ச்சி அப்படியே இருக்கிறது. வேரை சுத்தம் செய்யும்போது அந்த இடம் ரணமாகி விடுவதால்தான் வலி. முதல் நாள் கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் 2, 3 நாளில் குறைந்து விடும். மெல்லும்போது லேசான வலி மட்டும் ஒரு வாரம் வரை தெரியலாம்.

மரத்துப் போன வாய் சரியாக சில மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் கடித்து சாப்பிடக் கூடாது. உதட்டையே கடித்து புண்ணாக்கிக் கொள்பவர்கள் உண்டு. ஆறிய கஞ்சி குடித்துவிட்டு, மரப்பு தெளிவதற்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை போட்டுக் கொண்டால் வலி ஏறாது.

இப்யூபுரூபன் மாத்திரை நன்றாக கேட்கும். ஆனால் அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரை கேட்காமல் தொடக் கூடாது. பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மாத்திரைதான் உச்ச வரம்பு. தினமும் குவார்ட்டர் போடுகிறவர்களுக்கு அந்த அளவே ஈரலை பதம் பார்த்து விடும்.

மெடிக்கலில் "பல் வலி" என்று சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண் செலவு. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் வலியை அது குறைக்காது. கிராம்பு தைலத்தை அப்படியே தடவினால் ஈறு வெந்து போகும்.

ஐஸ் கட்டியை துணியில் சுற்றி கன்னத்தின் மேல் 10 நிமிடம் வைக்கலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். வீக்கத்துக்கு சூடு ஒத்தடம் வேண்டாம்.

வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? அடைத்த சிமெண்ட் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை மாத்திரை போட்டாலும் இது தீராது. டாக்டர் சில நிமிடத்தில் தேய்த்து சரி செய்து விடுவார்.

வலி நின்றதும் கூலி போகிறதே என்று அடுத்த சிட்டிங்குக்கு போகாமல் விடுபவர்கள் அதிகம். தற்காலிக சிமெண்ட் பெயர்ந்தால் உள்ளே மறுபடி கிருமி சேர்ந்து, பல்லையே பிடுங்க வேண்டி வரலாம்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தாடைக்கு கீழே வீங்கி வாய் திறக்கவோ, எச்சில் விழுங்கவோ முடியவில்லை, மூச்சு திணறுகிறது என்றால் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும்.