ஓலையும் ஏலமும்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி வழியாக வடக்கே சென்றால் திருவெண்ணெய்நல்லூர் வரும். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று மரபு அதனைச் சொல்லும். என்னைப் பொறுத்தவரை அது முதலில் ஒரு வழக்கு நடந்த ஊர். சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அவ்வழக்கை விரிவாகப் பாடியிருக்கிறார். புத்தூரில் மணப்பந்தலில் இருக்கும் நம்பி ஆரூரர்முன் முதிய அந்தணர் ஒருவர் வந்து, ‘இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் உள்ளது’ என்கிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை கையில் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. வழக்காறு, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு அவையோர் கேட்கின்றனர். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆரூரர் தோற்கிறார்.

பக்தி மரபில் இது இறைவன் ஓர் உயிரை ஆட்கொண்ட நிகழ்ச்சி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழக்காக மட்டும் வாசித்தால் ஒன்று உறுத்துகிறது. கையெழுத்து உண்மையா என்று அவை கேட்டது. பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைக் கட்டுமா என்று கேட்கவே இல்லை. ஓர் ஓலை ஒரு மனிதனை எவ்வளவு காலம் கட்டும்? இந்தக் கேள்வியைப் பிற்காலத்தில் கேட்டவர்களுள் விளையாட்டு வீரர்கள் முக்கியமானவர்கள். இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஆவணம் பற்றிய பேச்சுதான் இது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. ஒருவர் முறையான தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுக்கும் உடன்பாடு எதுவும் அந்த அளவிற்குச் செல்லாது என்பது அதன் சாரம். வணிகத்தின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தின் வழக்குமன்றங்கள் ‘நியாயமான அளவு தடை’ என்றால் பொறுத்துக்கொள்ளும். நம் சட்டத்தில் அந்தச் சலுகைச் சொல் இல்லை. அதற்குக் காரணம், அப்பிரிவு இங்கிலாந்திலிருந்து வரவில்லை என்பதே. நியூயார்க் மாநிலத்திற்காக டேவிட் டட்லி ஃபீல்டு என்பவர் எழுதிய சட்ட வரைவிலிருந்து அது எடுக்கப்பட்டது. நியூயார்க் அந்த உரிமையியல் வரைவை ஏற்கவில்லை. கலிபோர்னியா அதே 1872இல் ஏற்றது. இன்று கலிபோர்னியாவின் கணினி நிறுவனம் ஒன்றை விட்டு எதிர் வீட்டு நிறுவனத்திற்கு ஒருவர் மறுநாளே மாற முடிவதற்கும், இந்தியாவில் ஒரு பந்துவீச்சாளர் தன் முகவரை உதற முடிந்ததற்கும் மூலம் ஒன்றுதான்.

அந்தப் பந்துவீச்சாளர் ஜாகீர் கான். மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து வந்து, சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் உருவானவர். 2000 அக்டோபரில் நைரோபியில் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். அதே மாதம் 30ஆம் நாள் பெர்செப்ட் டிமார்க் என்னும் நிறுவனத்தோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். விளம்பர வாய்ப்புகளைப் பேசித் தருவது நிறுவனத்தின் வேலை. வீரருக்கு அப்போது வயது 22. ஒப்பந்தத்தில் 31(பி) என்றொரு உட்பிரிவு இருந்தது. காலம் முடிந்த பின்னும் வேறு யாரேனும் வாய்ப்புத் தந்தால், அதன் விவரத்தை முதலில் பெர்செப்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே தொகையை அவர்கள் தர முன்வந்தால் வேறிடம் போகக் கூடாது.

2003இல் காலம் முடிந்தது. ஜாகீர் புதுப்பிக்கவில்லை. டென்னிஸ் வீரர் மகேஷ் பூபதியின் குளோபோஸ்போர்ட் நிறுவனத்தோடு சேர்ந்தார். பெர்செப்ட் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. தனி நீதிபதி தடை விதித்தார். இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. 2006 மார்ச் 22 அன்று உச்சநீதிமன்றம் அமர்வின் முடிவை உறுதி செய்தது. ஒப்பந்தக் காலத்திற்குள் கட்டுப்பாடு செல்லும். காலம் கடந்து நீளும் கட்டுப்பாடு 27ஆம் பிரிவின்படி செல்லாது. இன்னொன்றையும் நீதிமன்றம் சொன்னது: முகவர் வேலை நம்பிக்கையின் மேல் நிற்பது; நம்பிக்கை போன பின் ஒருவரையே முகவராக வைத்துக்கொள் என்று வீரரைக் கட்டாயப்படுத்த இயலாது. இத்தீர்ப்பைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் போதிய பேச்சு இல்லை என்பது என் வருத்தம்.

‘காலத்திற்குள்’ என்பதும் கவனிக்க வேண்டிய சொல். 1967இல் கோலிகரி வழக்கில் இதே உச்சநீதிமன்றம், ஐந்தாண்டுக்குக் கையெழுத்திட்டுப் பயிற்சி பெற்ற ஓர் இளம் ஆலை ஊழியர் இடையில் போட்டி ஆலைக்கு மாறியதைத் தடுத்தது. 2025 மே மாதம், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு இலட்ச ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையும் செல்லும் என்றது. பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்துப் பொதுத்துறை வேலையில் சேரும் பிள்ளைகள் நிறைந்த எங்கள் நகரியத்தில் இதை விளக்கத் தேவையில்லை.

பிற நாடுகளில் இந்த உரிமை எளிதில் வரவில்லை. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், காலம் முடிந்த வீரரையும் சங்கம் பிடித்து வைத்துக்கொள்ளும் முறையை எதிர்த்து 1963இல் வென்றார். அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட், 1969இல் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். 1972இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் தோற்றார். அதற்குள் அவர் ஆட்டமும் முடிந்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து 1975இல் நடுவர் தீர்ப்பொன்றில் வேறு இருவர் வென்றனர். வழி வெட்டியவர் அதில் நடக்கவில்லை. பெல்ஜியத்தின் போஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 1995இல் வென்ற கதையும் ஏறக்குறைய இதுவே.

அப்படியிருக்க, ஜாகீர் தீர்ப்பு வந்த இரண்டே ஆண்டில் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியது. 2008இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. வீரர் அணியைத் தேர்வதற்கு இடமில்லை. ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். அவ்வாண்டே கோப்பையும் வென்றார். 2010இல் அவருக்கு ஓராண்டுத் தடை. ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திடாமல், விதிக்குப் புறம்பாகப் பிற அணிகளோடு பேசினார் என்பது குற்றச்சாட்டு. அப்போது அவருக்கு வயது 21. தன் உழைப்புக்கு வேறிடத்தில் என்ன விலை என்று விசாரித்ததற்கு ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. விதி விதிதான் என்பார்கள். அந்த விதியை எழுதிய மேசையில் வீரர் ஒருவருக்கும் நாற்காலி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மணீஷ் பாண்டேயின் கதை இன்னும் கசப்பு. 2009இல் செஞ்சுரியனில் 114 ஓட்டங்கள் எடுத்து, அப்போட்டியில் சதமடித்த முதல் இந்தியர் ஆனவர். 2011இல் நாட்டுக்காக ஆடாத இந்திய வீரர்கள் ஏலத்திற்கு வர இயலாது என்றும், அவர்களுக்கு 10, 20, 30 இலட்சம் என ஊதியப் படிகள் உண்டு என்றும் வகுத்தார்கள். மேல்வரம்பை மீறிப் பணம் கேட்டார் என்று பாண்டேவை நான்கு ஆட்டங்களுக்கு விலக்கினார்கள். ஏலம் வீரரைப் பொருளாக்குகிறது என்று வருந்துவோர் உண்டு. இந்த இளைஞர்களுக்கு அந்தச் சந்தைகூட மறுக்கப்பட்டிருந்தது. 2014இல் கதவு திறந்ததும் கர்ண் சர்மா என்ற சுழற்பந்து வீச்சாளர் 3.75 கோடிக்குப் போனார். முன்பு போட்ட பூட்டின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

அதே 2014இல் ‘ரைட் டு மேட்ச்’ அட்டையும் வந்தது. ஏலத்தில் வேறு அணி கேட்ட விலையைப் பழைய அணி சமன்செய்து வீரரை மீட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்த வீரர். மூன்றாமவர் தரும் விலை. பழையவருக்கு முதல் உரிமை. 31(பி)யைப் படித்தவருக்கு முகம் தெரியாமலா போகும்? ஏல விதிகளை ஏற்றே வீரர் பெயர் கொடுக்கிறார், ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று வழக்குரைஞர் வாதிடலாம். சட்ட நுணுக்கத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விதிகளை ஏற்காதவர் ஆட வேறு எங்கே போவார்? (விதி எழுதுவோர் விரும்பினால் எதையும் எழுதலாம். 2024இல் 43 வயது தோனியை ‘நாட்டுக்காக ஆடாதவர்’ வரிசையில் வைத்து நான்கு கோடிக்குத் தக்கவைத்ததை நாம் சிரித்துக்கொண்டே ஏற்றோம்.)

ஜாகீரின் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் இளைஞர் ஏன் நீதிமன்றம் போவதில்லை? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை எண்ணிப் பாருங்கள். 10 இலட்சம் அடிப்படை விலையில் நின்றவரை 2017இல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது. 2018இல் ஐதராபாத் எடுத்தபோது 40 இலட்சம். 2022இல் 4 கோடி. 2025 பருவத்திற்கான ஏலத்தில் டெல்லி தந்தது 10.75 கோடி. ஓராண்டில் மூன்று கோடி நாற்பது இலட்சமாகச் சுருங்கும் தொழிலில், ஐந்தாண்டு வழக்கு நடத்திக் காத்திருக்க யாரால் இயலும்? ஒரு தோள்வலி போதும் எல்லாம் முடிய. ஜாகீர் எதிர்த்து நின்றது முகவரை. அவரை ஆடவிடாமல் செய்யும் ஆற்றல் முகவருக்கு இல்லை. ஜடேஜாவும் பாண்டேயும் எதிர்கொண்டது ஆடுகளத்தின் வாயிலையே காவல் செய்தவர்களை.

நெய்வேலியில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கண்ட பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் உருவான நிறுவனம் இது. இங்கே ‘அவர் ஒப்பந்தம்’ என்றால், நிரந்தரம் இல்லாதவர் என்று அர்த்தம். சுரங்கத்தில் அதே வேலை, அதே தூசி. சம்பளம் வேறு, நகரியத்தில் வீடு கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2010இலும் 2014இலும் வேலை நிறுத்தம் செய்தபோது கேட்டவற்றுள் முதன்மையானது பணி நிரந்தரம். அவர்களை யாரும் கட்டிவைக்கவில்லை. என்று வேண்டுமானாலும் போகலாம். 27ஆம் பிரிவு தரும் விடுதலை முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. ஜடேஜா ஓலையிலிருந்து விடுபடப் பார்த்தார். இவர்கள் ஓலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். அணிகள் விரும்பித் தேடும் சில நூறு பேருக்கு ஒப்பந்தம் என்பது கயிறு. தேடப்படாதவர்களுக்கு அது கூரை. இவ்விரண்டையும் ஒரே சட்டப்பிரிவால் அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

தடைக்குப் பின் ஜடேஜா 2011 ஏலத்தில் கொச்சிக்கு 9.5 இலட்சம் டாலருக்குப் போனார். அந்த அணி அவ்வாண்டே கலைந்தது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் இருபது இலட்சம் டாலர் என்ற உச்ச வரம்பில் முட்டி நின்று, மறைசீட்டில் சென்னை வென்றது. 2025 நவம்பரில், சஞ்சு சாம்சனைச் சென்னைக்குப் பெறும் பரிமாற்றத்தில், சாம் கரனோடு அவரும் ராஜஸ்தானுக்கே திரும்பினார். ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. இத்தகைய பரிமாற்றத்திற்கு இப்போது வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜாவுக்கு அப்போது 37 வயது நிறைய மூன்று வாரமே இருந்தது.