திரும்பியோர் யார்?

கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். தோட்டத்துரைமாரோ அச்சொல்லையே உழைப்பவனுக்குப் பெயராக இட்டனர்.

கண்டிக்கு அண்மையில், லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று நம் மாணவர் எழுதுகின்றனர். மண்ணைக் கொத்திய மக்களுக்கு அவ்வாக்கியத்தில் எழுவாயாகும் உரிமை இல்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. பின்னர்க் கப்பலேறியோரைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு ஏடுகள் குறித்தன. அவருட் பலர் இங்கேயே பிறந்தவர். புறப்படாத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்?

மாணவரே, ‘அனுப்பப்பட்டோர்’ என்று எழுதுக. அனுப்பியவர் எவர் என்னும் வினா அச்சொல்லில் உயிரோடிருக்கும். சொற்றேர்வு அழகுக்கு மட்டுமன்று, நீதிக்கும் உரியது.