சட்டையின் நிறம் பாராத ஊர்

திருவருகைக் காலம் நெருங்கும்போது திருக்குடில் உருவங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, தூசு துடைத்து, உரிந்துபோன சாயத்தைப் புதுப்பிப்பது நம் பங்குகளில் ஆண்டுதோறும் நிகழும் எளிய பணி. சென்ற ஆண்டு அப்பணிக்கு உதவ வந்த இளைஞர் ஒருவர், இடையர்களுக்கும் ஞானியருக்கும் வண்ணம் தீட்டி முடித்தபின், தம் பையிலிருந்து வேறொரு சிறு பெட்டியை எடுத்துத் திறந்தார். அதனுள் விரல் நுனியில் நிற்கக்கூடிய பிளாஸ்டிக் குதிரைவீரர்கள். அயல்நாட்டில் பணிபுரியும் அவருடைய தமையனார் வாங்கி வந்தவை. ஒரு பாதி நெப்போலியனின் பிரெஞ்சுப் படை. மறுபாதி அவனை எதிர்த்த ஆஸ்திரியப் படை.

அருகிலிருந்த முதிய உபதேசியாரின் முகம் வாடிற்று. "சாமி, சமாதானத்தின் அரசர் பிறக்கப்போகிற இடத்தில் பட்டாளத்துப் பொம்மைகள் எதற்கு?" என்று கேட்டார். வினா நியாயமானதே. உடனடியாக விடைகூற நமக்கு இயலவில்லை. பின்னர் நாம் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

இவ்வுருவங்கள் உண்மை அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக வார்க்கப்பட்டவை. நின்றால் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான மனிதர்கள். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959-இல் இத்தகைய சிறு பிளாஸ்டிக் வீரர்களை வெளியிடத் தொடங்கிய பின்னர், அதுவரை ஈயத்திலும் வெள்ளீயத்திலும் வார்க்கப்பட்டு வசதி படைத்தோர் கையில் இருந்த பொழுதுபோக்கு எளியோர் கைக்கும் வந்தது. ஆனால் மென்மையான பிளாஸ்டிக்கில் வண்ணம் எளிதில் ஒட்டாது. சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசையை நீக்கி, அடிப்பூச்சு இட்டு, உலரவிட்ட பிறகே தூரிகையைத் தொடவேண்டும். முதலில் குதிரையின் உடல், பின்பு சேணம், அடுத்து வீரனின் சட்டை, இறுதியில் முகம். அம்முகம் மிளகைவிடச் சிறியது. ஒரு வீரனை முடிக்க ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது.

நிறங்களும் மனம்போனபடி அமைவன அல்ல. பிரெஞ்சு வீரனுக்குப் பெரும்பாலும் நீலம்; ஆஸ்திரிய வீரனுக்குப் பெரும்பாலும் வெள்ளை. கழுத்துப்பட்டியின் நிறத்தைக் கொண்டே அவன் எந்தப் படைப்பிரிவினன் என அறியலாம். பிரெஞ்சுப் படையில் எக்காளம் ஊதுவோன் சாம்பல் நிறக் குதிரையில் செல்வது வழக்கம். வெடிமருந்துப் புகை சூழ்ந்த களத்தில் யாரைக் காக்கவேண்டும், யாரை வெட்டவேண்டும் என்பதைச் சட்டையின் நிறமே சொல்லிற்று. நிறத்தால் மனிதனைப் பிரிப்பதே சீருடையின் முதல் வேலை.

பெட்டியோடு வந்த கையேட்டில், நெப்போலியனின் வெற்றிகளுள் ஒன்றாக ஓர் ஊரின் பெயரைக் கண்டபோது நாம் திடுக்கிட்டோம்: இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே. 1796 ஆகஸ்டு 5-ஆம் நாள், இருபத்தேழு வயதும் நிறையாத நெப்போலியன், ஆஸ்திரியத் தளபதி வுர்ம்சரை அங்கே முறியடித்தான். அவ்வூரின் பெயரால் அவனுடைய தளபதி ஒஜரோவுக்குப் பின்னாளில் கோமகன் பட்டமும் கிடைத்தது. வரலாற்று நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக் கத்தோலிக்கராகிய நாம் அவ்வாறு நிறுத்தலாகாது. ஏனெனில் காஸ்திலியோனே, புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்த ஊர். 1680-இல் நம் வீரமாமுனிவர் பிறந்த ஊரும் அதுவே.

அங்கே கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியாகப் பிறந்தவர் 1711 அளவில் தமிழகத்தில் மறைபணி தொடங்கினார். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். காவல், அடைக்கலம் என்னும் சொற்களை அவர் காரணமின்றித் தேர்ந்திருக்க முடியாது. படைகள் ஓயாது நடமாடிய நாடு இது; சாமானியனுக்கு ஒதுங்க ஓர் இடம் தேவைப்பட்டது. சூசை முனிவரைத் தலைவராக்கித் தேம்பாவணியை 3,615 பாடல்களில் இயற்றிய அப்பெரும்புலவர், பரமார்த்த குருவின் கதையில் நமக்கு ஒரு குதிரையையும் தந்தார். அது பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்பி வாங்கிய கதை! போர்க்குதிரைகளின் குளம்பொலி கேட்டு வாழ்ந்தவர் நமக்கு விட்டுச்சென்ற குதிரை, என்றுமே பொரிக்காத குதிரை. எண்ணுந்தோறும் நமக்கு இதில் நகையும் நன்றியும் சேர்ந்தே எழுகின்றன.

அவர் 1747-இல் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1751-இல், பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரத்தருகே, ரஞ்சன்குடிக் கோட்டை சான்றாக, ஒரு போர் மூண்டது. திருச்சியைக் கைப்பற்ற வந்த சந்தா சாகிபுவும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம். முகமது அலியின் படையும் ஆங்கிலேயரும் மறுபக்கம். ஆங்கிலேயர் பீதியுற்று ஓடினர். ஓடியவர் கூட்டத்தில் இளைஞர் இராபர்ட் கிளைவும் இருந்தார். மறு ஆண்டே, 1752-இல், அதே இடத்தில் பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் கிளைவிடம் சரணடைந்தார்.

அக்களத்தில் நம் நாட்டுக் குதிரைவீரரும் இருந்தனர். அக்காலக் குதிரைவீரர் பலர் தம் சொந்தக் குதிரையோடு ஊழியத்தில் சேர்ந்தவர்கள். குதிரை மாண்டால் குடும்பத்தின் பிழைப்பும் மாண்டது. நெப்போலியனின் வீரனது பொத்தானின் நிறம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். வாலிகண்டபுரத்தில் வீழ்ந்தவனுக்குப் பெயருமில்லை, உருவமுமில்லை. நெடுஞ்சாலைப் பேருந்தில் கோட்டையைக் கடக்கும் நாம் ஒரு நொடி அவர்களை நினைத்து மன்றாடியதுண்டா? விலைபோகும் சிட்டுக்குருவியையும் மறவாத தந்தையை வணங்குவோர் நாம் அல்லவா?

காஸ்திலியோனேயின் கதை 1796-ஓடு முடியவில்லை. 1859 ஜூன் 24-ஆம் நாள், அவ்வூருக்கு அருகிலுள்ள சோல்ஃபெரீனோவில் மீண்டும் பெரும்போர். நெப்போலியனின் தம்பி மகனான மூன்றாம் நெப்போலியனும் இத்தாலியரும் ஆஸ்திரியரை எதிர்த்தனர். காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆலயங்கள் நிரம்பின, தெருக்களிலும் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். சொந்த அலுவலாக அப்பக்கம் வந்திருந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஹென்றி டுனான்ட், லொரென்சோ பார்சிசா என்னும் குருவோடும் ஊர்ப் பெண்களோடும் சேர்ந்து பணிவிடை செய்தார். வெள்ளுடை அணிந்திருந்ததால் வெள்ளுடைக்காரர் என்றே வீரர்கள் அவரை அழைத்தனர். அப்பெண்கள் நீலச் சட்டைக்கு ஒரு கட்டு, வெள்ளைச் சட்டைக்கு ஒரு கட்டு எனப் பிரிக்கவில்லை. எல்லாரும் சகோதரரே என்று சொல்லிச் சொல்லி அனைவருக்கும் நீர் வார்த்தனர், புண் கழுவினர். குருதி தோய்ந்தபின் எச்சட்டைக்கும் ஒரே நிறந்தானே! அந்நாட்களின் நினைவிலிருந்து 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. முதல் நோபல் அமைதிப் பரிசு 1901-இல் வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற இருவருள் ஒருவர் டுனான்ட்.

வீரமாமுனிவர் திருக்காவலூரில் அடைக்கலம் கட்டினார். அவரைப் பெற்ற ஊர், அவருக்குப்பின் ஒரு நூற்றாண்டு கடந்து, தானே அடைக்கலமாயிற்று. இரண்டையும் இணைக்கும் ஆவணம் எதுவுமில்லை. ஆயினும் ஒரே நற்செய்தி இரு மண்ணிலும் விளைந்தது என்று நம்புவதில் நமக்குத் தடையில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலை இளைஞரிடமும் உபதேசியாரிடமும் சொன்னோம். இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முகத்துக்குச் சாயம் பூசும்போது மட்டும் எந்தப் பக்கத்து ஆள் என்பது மறந்துவிடுகிறது, ஃபாதர். இரண்டு பக்கமும் ஒரே கிண்ணத்துச் சாயந்தான்" என்றார். உபதேசியார் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு வீரனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பாவம், சின்னப் பிள்ளை" என்றார்.

அவருடைய வினாவுக்கு விடை அதுவே. படைகளை எண்ணிக்கையாகப் பார்ப்பவனுக்கே போர் எளிது. ஒவ்வொரு முகத்தையும் பொறுமையாகத் தீட்டும் கைக்கு அது கடினமாகும். பொம்மை பாவமுமன்று, புண்ணியமுமன்று; அதைப் பிடித்த கை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதே கேள்வி. சாதியின் நிறம், கட்சியின் நிறம், கொடியின் நிறம் பார்த்தே அடுத்தவனை அளக்கும் நமக்கும் இப்பாடம் தேவைப்படுகிறது.

ஒவ்வொரு வீரனின் காலடியிலும் சிறு பீடம் உண்டு; அதற்குப் பச்சை பூசுமாறு கையேடு கூறிற்று. இளைஞர் பச்சையைத் தொடவில்லை. இரு படையினரின் காலடியிலும் பெரம்பலூர்க் கரிசல் மண்ணின் நிறத்தையே பூசி உலரவைத்தார்.