கரைமரமும் காலுவெயும்: பெங்களூர் நீர்வழிகளின் ஓரம்

பெங்களூரில் பேராறு ஏதும் இல்லை. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலமொன்றின் முகட்டில் அந்நகர் அமைந்துள்ளது. முகட்டின் மேற்கே வீழும் மழைநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடையும். கிழக்கே வீழ்வது தென்பெண்ணையிற் கலந்து ஒசூருக்கருகே தமிழகத்துள் நுழையும்.

ஏரிகளை இணைத்து இந்நீரைக் கொண்டுசெல்லும் பெருவாய்க்கால்களைக் கன்னடத்தார் 'ராஜகாலுவெ' என்பர். காலுவெ தமிழின் கால், கால்வாய் ஆகியவற்றோடு உறவுடையது. ஏரியைக் குறிக்கும் 'கெரெ'யை ஒலியொப்புமை கண்டு 'கரை' எனப் பெயர்ப்பது பிழையாகும். 'கிவி' தமிழில் 'செவி'யாதல் போலக் கெரெக்கு இணையான தமிழ்ச்சொல் அணையைக் குறித்த 'சிறை' என்பதே.

இந்நீர்நிலைகளின் ஓரத்தில் மரம் வளர்ப்பது பழைய வழக்கம். பழைய மைசூர்ப் பகுதியில் ஊர்ப்பொதுவாக இருந்த 'குண்டுதோப்பு'கள் பல ஏரிகளை அடுத்தே அமைந்தன. மா, நாவல், புளி, புங்கு ஆகியன அவற்றில் நின்றன. நீர்மருதினைக் கன்னடம் 'ஹொளெமத்தி' என்கிறது. ஹொளெ என்பது ஆறு. மலையாளத்துப் 'புழ'வோடு ஒப்பது. மரம் நிற்க வேண்டிய இடத்தை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழ் மரபோ ஒருபடி மேற்சென்று வயல்சார்ந்த நிலத்திற்கே மருதம் எனப் பெயரிட்டது. வேர் கரைமண்ணைப் பிணிக்கும். புதரும் கோரையும் வெள்ளத்தின் விசையைத் தணித்து வண்டலை நிறுத்தும். நீரொடு வரும் உரச்சத்தில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்ளும்.

நகர் விரிந்தபோது தோப்புகள் பல மனைகளாயின. காலுவெகள் பலவற்றிற்குக் கற்காரைச் சுவர் எழுந்தது. 2015இல் பெள்ளந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியது. அதே நீர்வழியின் கீழே, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலும் நுரை பொங்கியதுண்டு.

2007இல் ஒப்புதல் பெற்ற பெருந்திட்டம் காலுவெகளை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை எனப் பகுத்து, முறையே 50, 25, 15 மீட்டர் இடத்தைக் கட்டடமின்றி விடப் பணித்தது. அளவு வாய்க்காலின் நடுவிலிருந்து தொடங்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே 4இல் அதனை 50, 35, 25 மீட்டராக்கி, விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. சட்டவழி அமைந்த பெருந்திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்றவியலாது எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 5இல் அப்பணிப்பை நீக்கியது.

மொழிபெயர்ப்பாளர் இங்கே இரண்டைக் கருதவேண்டும். 'பஃபர்' என்பதனைக் காப்பு வலயம் என்றாலும் இடைவெளி நிலம் என்றாலும், ஹொளெமத்தியில் உள்ளது போன்று மரம் அச்சொல்லுள் வருவதில்லை. வெறுமை மட்டுமே வருகிறது. மற்றது, 'நடுவிலிருந்து' என்பதனை 'வாய்க்காலிலிருந்து' எனப் பொதுப்படப் பெயர்த்துவிடுவது. 20 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலில் நடுவிலிருந்து 50 மீட்டர் அளந்தால், கரையில் மரத்திற்கு எஞ்சுவது 40 மீட்டரே.