ஒத்திகை மெய்யான ஆறு நிமிடங்கள்

1979ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், செயென் மலையின் கருங்கற் பாறையைக் குடைந்து அமைத்த வான்காப்பு நிலையத்தின் திரைகளில் ஒரு பயங்கரக் காட்சி தோன்றியது. சோவியத் ஏவுகணைகள் திரள்திரளாக வட அமெரிக்காவை நோக்கிக் கிளம்பிவிட்டனவாம்! பென்டகனிலிருந்த திரைகளும் அதையே காட்டின. அமெரிக்க, கனடியத் தளங்களிலிருந்து பத்துப் போர் விமானங்கள் வானில் பாய்ந்தன. நெருக்கடிக் காலத்தில் குடியரசுத் தலைவர் ஏறிச்செல்வதற்கென்று வைத்திருந்த விமானமும், அவர் இல்லாமலேயே பறந்துவிட்டது.

நல்ல வேளையாக, அதிகாரிகள் கணிப்பொறி சொன்னதை மட்டும் நம்பியிருக்கவில்லை. செயற்கைக்கோள்களும் ராடார் நிலையங்களும் நேரடியாகத் தந்த செய்திகளைச் சரிபார்த்தார்கள். எங்கும் எந்த ஏவுகணையும் கிளம்பவில்லை. ஏறக்குறைய 6 நிமிடங்களில் ஆபத்து இல்லை என்பது உறுதியாயிற்று.

நடந்தது என்ன? அந்நிலையத்தில் புதிய கணிப்பொறி அமைப்பொன்று அப்போதுதான் பணிக்கு வந்திருந்தது. அதற்கான நிரல்களைத் திருத்துவதும் சோதிப்பதும் இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சோதனைக்கென்று தயாரித்து வைத்திருந்த கற்பனைத் தாக்குதலின் தரவுகள், காவற் பணியிலிருந்த கணிப்பொறிக்குள் தவறிப் புகுந்துவிட்டன. கணிப்பொறி பழுதாகவில்லை. கொடுத்ததை ஒழுங்காகக் கணக்கிட்டு எச்சரித்தது, அவ்வளவே.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு சோதனை பயனுள்ளதாக இருக்கவேண்டுமானால், அதன் தரவு மெய்யான தரவை அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். நாடக ஒத்திகையில் மரக்கத்தி போதும். கணிப்பொறிச் சோதனைக்கு மரக்கத்தி உதவாது. ஆகவே சோதனை எவ்வளவு சிறந்ததோ, அது வழிதவறினால் விளையும் கேடும் அவ்வளவு பெரியது. ‘இது ஒத்திகை’ என்று சீட்டு ஒட்டி வைப்பதும், ஊழியர்களை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதும் இதற்குக் காவலாகா. இடத்தையே பிரிக்க வேண்டும்.

சோவியத் தலைவர் பிரஷ்னேவ் அதே மாதத்தில் இந்நிகழ்ச்சியைக் கண்டித்து அதிபர் கார்ட்டருக்குச் செய்தி அனுப்பினார். பின்னர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் சோதனைக்கென்றே தனி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. நிரல்களைச் சோதிக்கும் வேலை மலைக்கு வெளியே சென்றது.

இணையப் பயன்பாடுகளை உருவாக்குவோர் இன்று கைக்கொள்ளும் முறையும் இதுவே. நிரல் எழுதுவோர் விருப்பம்போல் பிரித்துப் போடவும் பூட்டவும் ஓர் ஆக்கச் சூழல். எழுதி முடித்ததை ஆராய ஒரு சோதனைச் சூழல். மக்கள் பயன்படுத்தும் பணிச் சூழல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம், தனிக் கடவுச்சொல். ரயில் முன்பதிவு நிரலைச் சோதிப்பவர் நூறு பயணச்சீட்டுகளைப் பதிவு செய்து பார்த்தாலும், உண்மையான வண்டியில் ஓர் இருக்கைகூட நிரம்பாது. செலவு கூடத்தான் செய்யும். அதனாலேயே சிறு அலுவலகங்கள் இரண்டோடு, சில வேளை ஒன்றோடு நின்றுவிடுகின்றன.

சிறு அலுவலகங்கள் மட்டுமா? 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலை 8 மணி 7 நிமிடத்துக்கு, ஹவாய்த் தீவு மக்களின் கைப்பேசிகளில் ஏவுகணை வருவதாக அரசின் எச்சரிக்கை வந்தது. ஒத்திகை அல்ல என்றும் அதில் கண்டிருந்தது. ஒத்திகைக்காக ஒலித்த தொலைபேசிச் செய்தியை மெய்யென்று நம்பிய ஊழியர் ஒருவர் அதை அனுப்பிவிட்டார். மறுப்புச் செய்தி கைப்பேசிகளை எட்ட 38 நிமிடங்களாயின. அதற்குள் பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மறைவிடம் தேடி ஓடியிருந்தார்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இதை விசாரித்தது. சோதனை எச்சரிக்கையும் மெய்யான எச்சரிக்கையும் ஒரே திரையிலிருந்து, ஒரே கடவுச்சொல்லால் அனுப்பக்கூடியனவாக இருந்தன என்பது அதன் அறிக்கையில் வெளியாயிற்று. இரண்டுக்கும் இடையே நின்றது, ‘நிச்சயமாக அனுப்பலாமா?’ என்று கேட்கும் ஒரு பொத்தான் மட்டுமே.